ஒரே முனை, பல கட்டணம்: பொதுச் சார்ஜிங்கின் கணக்கு

2018 டிசம்பர் 14 அன்று மத்திய மின்துறை அமைச்சகம் மின்வாகனச் சார்ஜிங் நிலையங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பொதுச் சார்ஜிங் நிலையம் தொடங்க நினைப்பவர் ஐந்து வகைச் சார்ஜர்களை வைத்தே ஆக வேண்டும் என்றது அந்த ஆவணம். 50 கிலோவாட் சிசிஎஸ், 50 கிலோவாட் சாடெமோ, 22 கிலோவாட் டைப்-2 ஏசி, 15 கிலோவாட் பாரத் டிசி-001, 10 கிலோவாட் பாரத் ஏசி-001 ஆகியவையே அந்த ஐந்து. நாளை எந்த முனை நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அந்தத் தெரியாமையின் செலவு முழுவதும் முதல் போட்டு நிலையம் கட்டுகிறவர் தலையில் இறங்கியது. யாரும் வந்து செருகப்போகாத சார்ஜருக்கும் பணம் போட வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், மின் இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டும். பத்து மாதத்துக்குள், 2019 அக்டோபர் 1 அன்று, அமைச்சகம் அந்தக் கட்டாயத்தை விலக்கியது. எந்தச் சார்ஜரை வைப்பது என்பதை நிலையத்தாரே முடிவு செய்துகொள்ளலாம் என்றது.

அந்த ஐந்தில் பாரத் டிசி-001-க்கு நேர்ந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2017-இல் அரசுத் துறைகளுக்காக 10,000 மின்கார்கள் வாங்க எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. அதற்கு வந்த மகிந்திரா ஈ-வெரிட்டோ, டாடா டிகோர் மின்கார் இரண்டும் 72 வோல்ட் அமைப்பில் ஓடியவை. அந்தக் குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி 100 வோல்ட்டுக்குள் வேலை செய்யும் 15 கிலோவாட் சார்ஜரை இந்தியத் தரமாக வகுத்தார்கள். அன்றைக்குக் கையில் இருந்த வண்டிக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் தனியார் வாங்கும் கார்கள் வேறு திசையில் போயின. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா வந்தது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸானும் எம்ஜி இசட்எஸ்ஸும் வந்தன. மூன்றுமே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட பேட்டரியும் சிசிஎஸ்-2 முனையும் கொண்டவை. டிசி-001 சார்ஜரின் முனை அவற்றில் நுழையாது, நுழைந்தாலும் அதன் வோல்டேஜ் போதாது. சார்ஜிங் நிலையங்களை வரைபடத்தில் பார்த்து, பக்கத்திலேயே இருக்கிறதே என்று நம்பிப்போய்ப் பயனில்லாமல் திரும்பியவர்கள் அந்த ஆண்டுகளில் பலர். நிலையங்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் அறிக்கைகளை நான் நம்பாமல் போனதற்கு இதுவே காரணம். எத்தனை சார்ஜர் என்பதோடு, எந்த முனை, எத்தனை கிலோவாட் என்பதும் சேர்ந்திருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இன்று கார்களைப் பொறுத்தவரை முனைச் சண்டை இந்தியாவில் முடிந்துவிட்டது. டாடா, மகிந்திரா, ஹூண்டாய், எம்ஜி, பிஒய்டி என விரைவுச் சார்ஜிங் உள்ள கார் எதுவானாலும் சிசிஎஸ்-2 முனைதான். 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவும் அதோடுதான் வந்தது. இந்த முனையின் மேல்பகுதியில் ஏழு ஊசிகள், கீழே டிசிக்கான இரண்டு தடித்த ஊசிகள். வீட்டுச் சார்ஜர் மேல்பகுதியோடு நின்றுவிடும், நெடுஞ்சாலைச் சார்ஜர் கீழ்ப்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். ஒரே துளையில் மெதுவான ஏசியும் விரைவான டிசியும் ஏறுவது இந்த வடிவமைப்பின் பெரிய நன்மை.

மற்ற நாடுகள் இந்த இடத்துக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஜப்பானின் சாடெமோ 2010-லேயே நிஸான் லீஃபோடு உலகெங்கும் பரவியது. பத்தாண்டு கழித்து நிஸானே தன் அரியா காரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிசிஎஸ் முனையோடு விற்க முடிவு செய்தது. அமெரிக்காவில் சிசிஎஸ்-1 நிலைபெற்றுவரும்போது, 2022 நவம்பரில் டெஸ்லா தன் முனையை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டும் ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸும் அந்தப் பக்கம் சாய்ந்தன. அதற்குள் கார் வாங்கிவிட்டவர்கள் அடாப்டரோடு அலைய வேண்டியதாயிற்று. இலங்கையில் 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் இறங்கிய லீஃப் கார்கள் இன்னும் சாடெமோவை நம்பியே ஓடுகின்றன. பல ஆண்டு இறக்குமதித் தடை 2025-இல் நீங்கியபின் வரும் புதிய கார்களின் முனை வேறு. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பழைய லீஃப் வாங்க நினைப்பவர் பேட்டரியின் நிலையைப் பார்க்கும் அதே கவனத்தோடு, தான் போய்வரும் வழியில் சாடெமோ சார்ஜர் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக, இந்தியாவில் சார்ஜரின் முனை (கன்) எல்லாக் காரிலும் பொருந்துகிறது. அப்படியானால் செருகிய பிறகும் ஏன் சில நேரம் சார்ஜ் ஏறுவதில்லை? டிசி சார்ஜிங்கில் சார்ஜர் தன்னிச்சையாக மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. முனையில் உள்ள ஒரு மெல்லிய கம்பி வழியாகக் காரும் சார்ஜரும் முதலில் பேசிக்கொள்கின்றன. பேட்டரிக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும், எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதைக் கார் சொல்கிறது. சார்ஜர் தன் எல்லையைச் சொல்கிறது. பிறகு மின்கசிவு உண்டா என்று சோதனை நடக்கிறது. இரண்டு பக்க வோல்டேஜும் சமமானபின்தான் உள்ளே இருக்கும் தொடர்பி மூடுகிறது. அதன்பிறகும் நொடிக்கு நொடி கார் கேட்கும் அளவுதான் பாய்கிறது. இந்தப் பேச்சுக்கு டின் 70121, ஐஎஸ்ஓ 15118 என்று பொது விதிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அந்த விதியைத் தன் மென்பொருளில் எழுதும்போது சிறு வேறுபாடுகள் வந்துவிடுகின்றன. ஒரு கார் இரண்டு நொடி காத்திருக்கும் இடத்தில் இன்னொரு கார் ஒரு நொடியில் கைவிட்டுவிட்டால், அதே சார்ஜரில் ஒன்று ஏறும், மற்றது ஏறாது. திரையில் வெறும் 'பிழை' என்று வரும். கார் விற்றவர் சார்ஜரைக் குறை சொல்வார், சார்ஜர் வைத்தவர் காரைக் குறை சொல்வார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17017 வரிசையில் இதற்கெல்லாம் தரம் வகுத்திருக்கிறது. வகுத்த தரம் ஒவ்வொரு புதிய கார், ஒவ்வொரு புதிய சார்ஜர் மாதிரியிலும் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட வேண்டும். முடிவு வாங்குவோருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது கிலோவாட். பலருக்கும் வீண் செலவு வருவது இங்கேதான். சார்ஜரின் மேல் 120 என்று எழுதியிருந்தால் 120 கிலோவாட் ஏறும் என்று நம்புகிறோம். திறன் என்பது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவது. 250 ஆம்பியர் தாங்கும் கேபிளில் 350 வோல்ட் பேட்டரியுள்ள காரைச் செருகினால் 87 கிலோவாட்டுக்கு மேல் போகவே முடியாது. அந்த 87-ஐயும் வாங்கிக்கொள்ளும் தெம்பு காருக்கு இருக்க வேண்டும். டாடா டியாகோவின் 24 யூனிட் பேட்டரி 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 57 நிமிடம் ஆகும் என்று நிறுவனம் சொல்கிறது. கணக்குப் போட்டால் சராசரி 18 கிலோவாட்தான். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா மின்காரின் 51.4 யூனிட் பேட்டரிக்கு 50 கிலோவாட் சார்ஜரில் 58 நிமிடம், அதாவது சராசரி 37 கிலோவாட். 800 வோல்ட் வகையைச் சேர்ந்த அயோனிக் 5-இன் 72.6 யூனிட் பேட்டரியோ 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 18 நிமிடத்தில் அதே தூரத்தைக் கடக்கிறது. சராசரி 170 கிலோவாட்டை ஒட்டி வருகிறது. மகிந்திராவின் 79 யூனிட் பேட்டரி 20-இலிருந்து 80 சதவீதத்துக்கு 20 நிமிடம் என்கிறது. அதற்கு 175 கிலோவாட் சார்ஜர் வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. டியாகோக்காரர் 30 கிலோவாட் சார்ஜரில் நின்றாலும் 120 கிலோவாட் சார்ஜரில் நின்றாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். கிலோவாட் கூடக்கூடக் கட்டணத்தையும் கூட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரிய சார்ஜரைத் தேடிப்போனால் அவர் பயனில்லாமல் கூடுதல் பணம் தருகிறார், வேகமாக ஏற்றக்கூடிய இன்னொரு காரின் இடத்தையும் அடைக்கிறார். மறுபுறம், 20 நிமிடக் கார் என்று விளம்பரம் பார்த்து இருபது முப்பது லட்சம் கொடுத்தவர், வழியில் கிடைக்கும் 60 கிலோவாட் சார்ஜரில் முக்கால் மணி நேரம் நிற்கிறார். அந்த 60 கிலோவாட்டும் இரண்டு கன் உள்ளதாக இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் பல கருவிகளில் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் எந்தக் காரும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குமேல் பொது இடத்தில் நின்று ஏற்றுவது, பின்னால் காத்திருப்பவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

பணம் கட்டும் முறை இன்னொரு தடை. டீக்கடையிலிருந்து கீரைக்காரம்மா வரை யுபிஐ ஒட்டியிருக்கும் நாட்டில், சார்ஜிங் நிலையத்தில் மட்டும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் ஒரு வாலெட், அதில் முன்கூட்டியே போட வேண்டிய தொகை. ஊர் விட்டு ஊர் போகிறவரின் போனில் ஐந்தாறு ஆப்களும் அவற்றில் சிதறிக்கிடக்கும் நூறு, இருநூறு ரூபாய்களும் மிஞ்சுகின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் சார்ஜர் நன்றாக இருந்தும் தொடங்க முடியாது. சார்ஜர்கள் மைய மென்பொருளோடு பேசுவதற்கு ஓசிபிபி என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரில் ஏற்றிக்கொள்ளவும் நெறிமுறை இருக்கிறது. தொழில்நுட்பம் காத்திருக்கிறது, நிறுவனங்கள்தான் வேலியை எடுக்கத் தயங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் முடித்தது. 2024 ஏப்ரல் 13-க்குப் பிறகு அமையும் 50 கிலோவாட், அதற்கு மேற்பட்ட பொதுச் சார்ஜர்களில் ஆப் இல்லாமலே வங்கி அட்டையால் பணம் கட்ட வழி இருக்க வேண்டும், யூனிட் விலை நிலையத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2,000 கோடி ரூபாயைச் சார்ஜிங் நிலையங்களுக்கு ஒதுக்கி, கார்களுக்கென 22,100 விரைவுச் சார்ஜர்களுக்கு மானியம் தர முன்வந்திருக்கும் இந்திய அரசு, அந்த மானியத்துக்கே இதை நிபந்தனையாக வைக்கலாம். சார்ஜரின் மேல் ஒரு க்யூஆர் குறியீடு போதும்.

இனி விலை. பொதுச் சார்ஜிங்கில் ஒரு யூனிட்டின் விலையில் மூன்று பங்கு இருக்கிறது: நிலையம் மின்வாரியத்துக்குக் கட்டுவது, நிலையத்தின் சேவைக் கட்டணம், வரி. நிலையங்களுக்குத் தரும் மின்சாரத்தின் விலை சராசரி வழங்கல் செலவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், காலை 9 முதல் மாலை 4 வரை சூரியமின்சாரம் பெருகும் நேரத்தில் அந்தச் செலவின் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் வாங்கலாம் என்றது. சேவைக் கட்டணத்துக்கு 2023 ஏப்ரலில் அமைச்சகம் உச்சவரம்பு சொன்னது. டிசி விரைவுச் சார்ஜிங்குக்குப் பகலில் யூனிட்டுக்கு 11 ரூபாய், மற்ற நேரத்தில் 13 ரூபாய். மெதுவான ஏசி சார்ஜிங்குக்கு 2.50, 3.50 ரூபாய்தான். டிசி சார்ஜரும் அதற்கான டிரான்ஸ்ஃபார்மரும் விலை கூடியவை, நாளில் பெரும்பாலான நேரம் அவை சும்மா நிற்கின்றன. சும்மா நிற்கும் நேரத்தின் செலவையும் வந்து செருகும் நாலைந்து பேரே சுமக்க வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு நியாயம் இருக்கிறது.

மின்சாரத்துக்கு எட்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேவைக்கு 13 சேர்த்தால் 21.50. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. யூனிட் 25 ரூபாயைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் சார்ஜ் ஏற்றிய எவருக்கும் பழகிய தொகைதான் இது.

அந்த 18 சதவீதம் எப்படி வந்தது என்பதில் ஒரு சட்டக் கதை இருக்கிறது. மின்சாரத்தை விற்க உரிமம் வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். சார்ஜிங் நிலையம் வைக்க யாரும் உரிமம் தேடி அலையக் கூடாது என்பதற்காக, 2018 ஏப்ரலில் அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது: நிலையம் மின்சாரத்தை விற்கவில்லை, அதைக் கொண்டு பேட்டரியில் ஆற்றலை ஏற்றித் தரும் சேவையைச் செய்கிறது, ஆகவே உரிமம் தேவையில்லை. தொழிலைத் திறந்துவிட்ட நல்ல விளக்கம். ஆனால் அதே விளக்கம் வரிக்கு வாசலையும் திறந்தது. மின்சார விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை, சேவைக்கு உண்டு. கர்நாடகத்தின் சாமுண்டேஸ்வரி மின்வழங்கல் கழகம் இதைப் பற்றிக் கேட்டபோது, 2023-இல் அந்த மாநில முன்தீர்ப்பு ஆணையம் சார்ஜிங் முழுவதுமே சேவைதான், 18 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. சேவைக் கட்டணத்துக்கு மட்டும் அல்ல, அதில் அடங்கிய மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான். மின்காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம், சார்ஜர் கருவிக்கும் 5 சதவீதம். அந்தக் கருவியில் காரை ஏற்றினால் மட்டும் 18.

இந்த வரி யாருக்கு விழுகிறது என்று பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். தனி வீடும் போர்ட்டிகோவும் உள்ளவர் இரவில் வீட்டில் ஏற்றிக்கொள்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி கிடையாது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் ஏறுவரிசையில் போவதால் அவருக்கும் செலவு உண்டுதான். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழித்துவந்த குடும்பம், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் மின்காரை வாங்கினால், இழப்போடு சேர்த்து இரண்டு மாதத்தில் இன்னும் 320 யூனிட் ஏறும். 2024 ஜூலை விகிதப்படி 401 முதல் 500 வரை 6.45, 600 வரை 8.55, அதற்கு மேல் 9.65 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கின் மானியத்தில் ஒரு பகுதியும் போய்விடும். எல்லாம் சேர்த்துக் காருக்கான யூனிட் 9 ரூபாயை ஒட்டி நிற்கிறது. மாதத்துக்குச் சுமார் 1,450 ரூபாய்.

அடுக்குமாடியில் குடியிருப்பவரும் வாடகை வீட்டுக்காரரும் என்ன செய்வார்கள்? சங்கம் அனுமதிக்காது, வீட்டுக்காரர் ஒயர் இழுக்க விடமாட்டார், வண்டி தெருவில் நிற்கும். புதிய கட்டடங்களில் 20 சதவீத வாகன இடத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019-இலேயே மாதிரிக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. வீட்டில் மின்வாகனத்துக்கெனத் தனி இணைப்பு பெறும் உரிமையை 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளின் திருத்தம் தந்தது. பழைய குடியிருப்பில் இவை அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. அங்கே குடியிருப்பவர் அதே 1,000 கிலோமீட்டரைப் பொதுச் சார்ஜிங்கில் ஓட்டினால் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல். இதில் வரி மட்டும் 540 ரூபாயை ஒட்டி வரும், ஆண்டுக்கு 6,500 ரூபாய். சொந்த வீடு உள்ளவருக்கு இல்லாத வரியை, வண்டி நிறுத்த இடம் இல்லாதவர் கட்டுகிறார்.

நெடும்பயணத்துக்கும் இதே கணக்குத்தான். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் 45 யூனிட் காருக்கு 71 யூனிட் வேண்டும். வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, வழியில் 30 யூனிட் ஏற்றினால் மொத்தம் 1,200 ரூபாயில் போய்ச் சேரலாம். எல்லாவற்றையும் வழியிலேயே ஏற்றினால் 1,770-ஐத் தொடும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் டீசல் காருக்கு 2,350 ரூபாய், 15 தரும் பெட்ரோல் காருக்கு 3,100 ரூபாய். மின்கார் எப்படியும் மலிவுதான். ஆனால் வீட்டுச் சார்ஜிங் இல்லாதவருக்கு டீசலோடு உள்ள வித்தியாசம் 600 ரூபாய்க்குள் சுருங்கிவிடுகிறது. காரின் கூடுதல் விலையையும், நின்று காத்திருக்கும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் அந்த 600 அவரை இழுக்கப் போதாது.

மின்கார் வாங்க நினைக்கும் வாசகருக்கு என் யோசனை இது. விளம்பரத்தில் உள்ள ரேஞ்சைப் பார்க்குமுன், இரவில் வண்டி எங்கே நிற்கும் என்று பாருங்கள். அந்த இடத்தில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று கிடைத்தாலும் பாதிக் கவலை தீர்ந்துவிடும். கார் 10-இலிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம், எந்தக் கிலோவாட் சார்ஜரில் என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்குங்கள். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் அந்தக் கிலோவாட் சார்ஜர் இல்லையென்றால் அந்த வேகத்துக்கு நீங்கள் தரும் கூடுதல் விலை வீண். எம்ஜி காமெட் போன்ற சிறிய கார்களில் டிசி விரைவுச் சார்ஜிங்கே இல்லை. ஊருக்குள் ஓட்ட அது குறையில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பகல் நேரச் சலுகையை உங்கள் நிலையம் உங்களுக்குத் தருகிறதா, தானே வைத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் தருவார்கள்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். மின்காருக்கும் சார்ஜர் கருவிக்கும் 5 சதவீதம் என்று முடிவு செய்த ஜிஎஸ்டி மன்றம், சார்ஜிங் சேவைக்கும் அதே 5 சதவீதத்தைக் கொண்டுவர வேண்டும்.